மரதன் பயிற்சியின் மேடும் பள்ளமும்

மரதன் ஓட்டம் என்ற சொல்லை நம் நாட்டிற் சிறு பிள்ளைகளும் அறிவர். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா எந்த ஊரில் நடந்தாலும் விடியற்காலையிலே முதல் நிகழ்ச்சியாக ஒரு மரதன் இடம்பெறும். பாடசாலைகளிலும் இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சில நாட்கள் முன்னதாக ஒரு மரதன் ஓடுவது வழக்கம். ஆனால் அவ்விடங்களில் ஓடப்படும் தூரம் ஐந்து கிலோமீற்றர், மிஞ்சினாற் பத்துக் கிலோமீற்றர். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட மரதன் 42.195 கிலோமீற்றர் நீளமுடையது. 1908 ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த ஒலிம்பிக் விழாவில், வின்சர் மாளிகையிலே தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினர் வீற்றிருந்த இடத்துக்கு முன்பாக முடிந்த தூரம் அது. 1921 இல் அதுவே உலகமெங்கும் உரிய அளவென்று வரையறுக்கப்பட்டது. ஓர் அரண்மனையின் வசதிக்காக நூறாண்டுக்கு மேலாக உலகத்தார் கால்கள் நோகின்றன என்று வேடிக்கையாகச் சொல்லலாம். கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சுகததாச விளையாட்டரங்கின் நானூறு மீற்றர்ப் பாதையில் இதனை ஓடி முடிப்பதாயின் நூற்றைந்தரைச் சுற்றுக்கள் ஓடவேண்டும்.

இத்தகைய ஓட்டத்துக்குப் பயிற்சி செய்வோர் கொழும்பு மாநகரில் இப்போது பெருகியிருக்கின்றனர். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிவரை கடலையும் புகையிரதப் பாதையையும் ஒட்டிச் செல்லும் மரைன் டிரைவ் வீதியிலும், சுதந்திர சதுக்கத்திலும், காலி முகத்திடலிலும் பொழுது புலருமுன்னே அவர்களைக் காணலாம். காலி முகத்திடலின் கடலோர நடைபாதை 1856 இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் அவர்களாலே தொடங்கப்பெற்று 1859 இல் முடிவுற்றது. கொழும்பிலுள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உதவும்படி அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரை வேண்டி, அவர் ஒரு கல்லிலும் பொறிப்பித்தார். காற்று வாங்க அமைந்த அவ்விடத்தில் இன்று காற்றுக்குத் திணறுவோரே அதிகம்.

இவர்களோடு பேசிப் பார்த்தால் எல்லோரிடமும் ஒரே முறைப்பாடு இருக்கும். "சென்ற கிழமை இருபது கிலோமீற்றர் ஓடியபோது காலிற் பாரமே தெரியவில்லை. இந்தக் கிழமை எட்டுக் கிலோமீற்றரிலேயே இரும்பைக் கட்டி இழுப்பதுபோல் இருந்தது. என்ன பிழை செய்தேன்?" இந்தக் கேள்விக்கு விடை காணாமற் பலர் பயிற்சியைக் கைவிட்டு விடுகின்றனர். வேறு சிலர், தம்மைச் சோம்பேறிகளென்று தாமே கடிந்துகொண்டு, தளர்ந்த உடம்பை மேலும் வருத்தி, எலும்பு வெடிப்புடன் வைத்தியரிடம் போய் நிற்கின்றனர். இரண்டாவது கூட்டத்தாரைப்பற்றியே எனக்குக் கவலை அதிகம். முதற் கூட்டத்தார் இழப்பது ஓர் ஓட்டத்தை; இவர்கள் இழப்பது ஓடும் ஆற்றலையே.

மரதன் பயிற்சி பொதுவாகப் பதினாறு முதல் இருபது கிழமைகள் நீடிக்கும். கிழமைக்கு நான்கைந்து நாள் ஓட்டம். ஞாயிறு தோறும் ஒரு நெடுந்தூர ஓட்டம். அது சிறிது சிறிதாக வளர்ந்து முப்பது கிலோமீற்றரைத் தாண்டும். வெள்ளவத்தையிலிருந்து காலி முகத்திடலுக்குப் போய் மீள்வது ஏறக்குறையப் பன்னிரண்டு கிலோமீற்றர். புதிதாக ஓடத் தொடங்கியவருக்கு முதல் மாதத்தில் இது மலைபோலத் தோன்றும். நான்காவது, ஐந்தாவது கிழமையில் திடீரென்று இலகுவாகும். அப்போது மனத்தில் ஓர் எழுச்சி பிறக்கும். அந்த எழுச்சியிலேதான் ஆபத்து மறைந்திருக்கிறது.

காரணத்தைக் கேளுங்கள். பயிற்சியின் பயனாக உடம்பின் எல்லா உறுப்புக்களும் ஒரே வேகத்தில் வலிமை பெறுவதில்லை. இருதயமும் குருதியோட்டமும் சில கிழமைகளுக்குள்ளே திருந்திவிடும். ஒவ்வொரு துடிப்பிலும் இருதயம் அதிக குருதியை வெளியேற்றும். தசைகளுக்குள்ளே நுண்குழாய்கள் பெருகும். ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும், எலும்புகளும் உறுதிப்படுவதற்கு மாதக் கணக்கிற் செல்லும். அதிலும் எலும்பின் போக்கு விசித்திரமானது. புதிய சுமை ஏறியவுடன் எலும்பிலுள்ள சிலவகை உயிரணுக்கள் பழைய பகுதியை முதலில் அரித்து அகற்றுகின்றன. அதன் பின்னரே வேறுவகை உயிரணுக்கள் அவ்விடத்திற் புதிய எலும்பைக் கட்டுகின்றன. பழைய சுவரை இடித்தபின், புதுச் சுவர் எழும்புமுன் உள்ள வீட்டை எண்ணிப் பாருங்கள். பயிற்சி தொடங்கிய ஒன்றிரண்டு மாதங்களில் எலும்பு அந்த நிலையில் இருக்கிறது. மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை, ஆகவே இன்னும் ஐந்து கிலோமீற்றர் ஓடலாம் என்று இருதயம் சொல்லும். கணைக்கால் எலும்பு அதற்கு உடன்பட்டிருக்காது. அதற்குப் பேச வாயும் இல்லை. வெடித்த பின்னரே பேசும்.

இதனாலேதான் அனுபவமுள்ள பயிற்சியாளர் மூன்று கிழமை தூரத்தைக் கூட்டி நான்காவது கிழமை வேண்டுமென்றே குறைக்கின்றனர். ஓடும்போது உடம்பு வலிமை பெறுவதில்லை. ஓடும்போது அது தேய்கிறது. உறங்கும்போதும் உண்ணும்போதுமே தேய்ந்ததை ஈடுசெய்து சற்று மிகுதியாகவும் கட்டிக்கொள்கிறது. ஆகவே கடினமான ஓட்டத்துக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கால் பாரமாக இருப்பது வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். அந்தப் பாரம் பத்து நாளாகியும் நீங்காதிருந்தால் வேறு காரணம் தேடவேண்டும்.

அத்தகைய வேறு காரணங்களில் ஒன்று நம்மவரிடையே அடிக்கடி கவனிக்கப்படாமற் போகிறது. குருதியில் இரும்புச் சத்துக் குறைந்தால் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஆற்றல் குறையும். மேட்டிலே ஏறுவதுபோல எப்போதும் களைப்பு இருக்கும். பெண்களுக்கும், மரக்கறி உணவு மட்டும் உண்போருக்கும் இக்குறை எளிதில் நேரும். இலங்கையர்களாகிய நாம் சோறு உண்ட கையோடு தேநீர் அருந்துகிறோம். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு ஏற்காதவாறு தடுத்து விடுகிறது. தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்து, கீரையிலே தேசிக்காய்ப் புளி விட்டு உண்டால் நிலைமை மாறும். நாட்டின் பெரும் வருவாய்ப் பொருளைக் குறைகூறுகிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம்; நேரத்தை மாற்றும்படியே கேட்கிறேன். களைப்பு நீடித்தால் குருதிப் பரிசோதனை செய்வித்து வைத்தியரின் ஆலோசனைப்படி நடப்பது நல்லது. தாமாகவே இரும்பு மாத்திரைகளை வாங்கி விழுங்குவது தகாது.

இனி, கொழும்பின் வெம்மைக்கு வருவோம். மேனாட்டார் எழுதிய பயிற்சி அட்டவணைகள் பெரும்பாலும் குளிர்ந்த காற்றிலே ஓடுவோருக்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து, அதிலே குறித்த வேகம் எனக்கு வரவில்லையே என்று வருந்துவோர் பலர். கொழும்பிலே பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய முப்பது பாகை. விடியற்காலையில் வெப்பம் குறைகிறது. ஆனால் காற்றின் ஈரப்பதன் மிக உச்சத்தில் இருப்பதும் அந்த வேளையிலேதான். வியர்வை ஆவியாகிப் பறந்தாலன்றி உடம்பு குளிராது. ஈரக் காற்றிலே வியர்வை பறக்காமற் சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழுகிறது. நீர் போகிறது, சூடு போவதில்லை. தோலைக் குளிரச் செய்வதற்காக இருதயம் குருதியை அங்கும் அனுப்பவேண்டியிருப்பதால் காலுக்குச் செல்லும் பங்கு குறைகிறது. ஒரே வேகத்தில் ஓடினாலும் ஐந்தாவது கிலோமீற்றரிலிருந்த நாடித்துடிப்பைவிடப் பதினைந்தாவது கிலோமீற்றரில் அது வெகுவாக உயர்ந்திருக்கும். இது பலவீனமன்று, வானிலை.

வெம்மைக்கு உடம்பு பழகுவதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். குருதியின் நீர்ப்பகுதி பெருகும். வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும். அதிலே கழியும் உப்பும் குறையும். குளிர்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து, விமானத்திலிருந்து இறங்கிய மூன்றாம் நாளே காலி முகத்திடலிற் பாய்ந்தோடும் நம் உறவினர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக. நுவரெலியாவில் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவோருக்கும் இதே விதி பொருந்தும். ஆகவே கொழும்பிலே ஓடுபவர் தம் கைக்கடிகாரத்தைவிடத் தம் மூச்சையே நம்பவேண்டும். இக்காலத்துக் கைக்கடிகாரங்கள் தூரம், வேகம், நாடி ஆகியவற்றோடு நில்லாமல், இன்று நீ ஓடத் தகுதியானவனா என்றும் புள்ளி இடுகின்றன. பரீட்சைக்குப் பிறகும் புள்ளிக்கு அஞ்சும் பழக்கம் நம்மைவிட்டு நீங்கவில்லை போலும். பக்கத்தில் ஓடும் நண்பரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அப்படியாயின் அன்றைய வேகம் சரியான வேகம்.

நீர் அருந்துவதைப்பற்றியும் ஒரு தப்பெண்ணம் உண்டு. தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் நன்மையே என்று முன்னர் கூறுவர். 2002 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்ரன் மரதனை ஓடி முடித்தோரில் 488 பேருடைய குருதியைச் சோதித்தபோது, நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குக் குருதியிலே சோடியம் அளவுக்கு மீறிக் குறைந்திருக்கக் காணப்பட்டது. ஓட்டத்தின்போது உடம்பின் நிறை கூடும் அளவுக்கு நீர் குடித்தவர்களே பெரும்பாலும் அந்நிலைக்கு உட்பட்டனர். அது மூளையை வீங்கச் செய்து உயிரையும் வாங்கவல்லது. எளிய வழி ஒன்று சொல்கிறேன். நெடுந்தூர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீரை இழந்திருக்கிறீர்கள். நிறை கூடியிருந்தால் அடுத்த முறை குறைத்துக் குடியுங்கள். தேசிக்காய்ச் சாற்றிற் சிறிது உப்பும் சீனியும் இட்டுக் கலக்கியது, உப்பிட்ட கஞ்சி ஆகியவை நம் வீட்டிலேயே உள்ளவை. செவ்விளநீர் நல்லதே. ஆனால் அதிலே பொற்றாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆதலால் வியர்வையிற் போன உப்பை அது ஒன்றே ஈடுசெய்துவிடாது.

ஞாயிறு ஓட்டத்திலே இருபத்தைந்து, முப்பது கிலோமீற்றர் அளவில் வரும் மனமுறிவைப்பற்றி இங்குச் சொல்லவேண்டும். ஓடிக்கொண்டிருந்தவர் சட்டென்று எல்லாவற்றையும் வெறுக்கிறார். "எனக்கு ஏன் இந்த வேலை? யார் கேட்டார்கள்?" என்ற எண்ணம் எழுகிறது. சிலருக்குக் கண்ணீரும் வருவதுண்டு. இதனை மனத்தின் கோழைத்தனமென்று நினைக்கின்றனர். உண்மையிலே அது ஒரு கணக்கு. நம் தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்டிருக்கும் மாச்சத்து ஏறக்குறைய நானூறு, ஐந்நூறு கிராம். அது இரண்டாயிரம் கலோரி அளவு சக்தியைத் தரும். அறுபது கிலோ நிறையுள்ள ஒருவர் ஒரு கிலோமீற்றர் ஓட அறுபது கலோரி வேண்டும். நாற்பத்திரண்டு கிலோமீற்றருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆகிறது. கொழுப்பும் எரிகிறதாயினும் அது மெதுவாகவே எரியும். வேகமாக ஓடுவோருக்கு மாச்சத்தே பெரும்பங்கு உதவும். முப்பதாவது கிலோமீற்றரை அண்மிக்கும்போது களஞ்சியம் வெறுமையாகிறது. குருதியிலே வெல்லம் குறைந்தவுடன் முதலில் வாடுவது மூளை. அங்கே தோன்றும் விரக்தி தத்துவ விசாரமன்று, பசி. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழத் துண்டோ, பேரீச்சம்பழமோ உண்டு பழகியவர் அந்த விரக்தியைப் பெரும்பாலும் சந்திப்பதில்லை.

விரதம் அனுட்டிப்போர் இதிலே விசேட கவனம் எடுக்கவேண்டும். கந்தசட்டியின் ஆறு நாளும் உபவாசம் இருப்பவர் அக்கிழமையில் நெடுந்தூரம் ஓடவேண்டாம். நோன்பு மாதத்திலே இசுலாமிய அன்பர்கள் நோன்பு திறந்த பின்னர் இரவிலே இலேசாக ஓடுவது நலம். விரதமும் ஓட்டமும் தனித்தனியே உடம்பை நெறிப்படுத்துவன. இரண்டையும் ஒரே நாளிற் கலந்தால் இரண்டும் கெடும்.

வெள்ளவத்தைக்காரர்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. அவர்கள் ஓடும் கடற்கரை வீதி பலகைபோலச் சமமானது. சமதரையிலே பழகியவர் மேடு பள்ளமுள்ள பாதையைக் கண்டதும் திகைக்கிறார். இந்த வகையிற் கொட்டாஞ்சேனைக்காரர் கொடுத்துவைத்தவர்கள். விவேகானந்த மேடு என்று பெயரே சொல்லுகிறது. அங்கிருந்து துறைமுகப் பக்கமாக இறங்கும் வீதிகளில் விடியுமுன் ஏறி இறங்கினால், கோயில் மணியும் மாதா கோவில் மணியும் மாறி மாறிக் கேட்க, மலைநாட்டுக்குப் போகாமலே மலைப்பயிற்சி பெறலாம். பின்னர் பார ஊர்திகள் வந்துவிடும். ஏறும்போது மூச்சு நோகும். இறங்கும்போது தசை நோகும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கவேண்டியிருப்பதால், அதன் நுண்ணிழைகள் சிதைந்து இரண்டாம் நாளிலே நோவு உச்சத்தை அடையும். முதலில் ஏற்றத்தை மட்டும் ஓடி, இறக்கத்தை நடந்து பழகுவது புத்தி.

இனிச் சில பெரியோர்களின் வாழ்க்கையைப் பார்ப்போம். எதியோப்பிய நாட்டுப் படைவீரரான அபேபே பிக்கிலா 1960 இல் உரோமாபுரியிலே வெறுங்காலுடன் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் ஒலிம்பிக் மரதனை வென்றார். நம் நாட்டு வீரர் லைனஸ் டயஸ் அவர்களும் அதே மரதனில் ஓடினார். 1964 இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஏறக்குறைய ஐந்து கிழமைகள் முன்னதாகப் பிக்கிலாவுக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது. பயிற்சியின் முக்கியமான நாட்களிற் படுக்கையிலே கிடந்தார். எனினும் அங்கே 2 மணி 12 நிமிடம் 11 செக்கனில் மீண்டும் வென்றார். ஆண்டுக்கணக்காகச் சேர்த்த வலிமை சில நாட் படுக்கையாற் கரைந்துபோவதில்லை என்பதற்கு இது சான்று. இவ்வளவோடு கதையை நிறுத்துவோர் பலர். நான் நிறுத்தப்போவதில்லை. 1968 இல் மெக்சிக்கோவிலே காலிற் காயத்துடன் ஓடத் தொடங்கிய அதே பிக்கிலா, ஏறக்குறையப் பதினேழு கிலோமீற்றரில் விலகிக்கொண்டார். அவருடைய நாட்டவரான மாமோ வோல்டே அன்று வென்றார். மூன்றாம் முறை வெல்லவேண்டுமென்று ஒரு நாடே காத்திருந்த வேளையில் பாதியிலும் குறைந்த தூரத்திலே நின்றவரை எவரும் கோழை என்று கூறவில்லை.

பெண்களுக்கு ஒலிம்பிக்கில் மரதன் ஓட இடங்கொடுத்தது 1984 ஆம் ஆண்டிலேதான். அதற்குமுன் அவர்களுக்கு அத்தனை வலிமை இல்லையென்று ஆண்கள் தீர்மானித்திருந்தனர். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்கப் பெண்மணி யோன் பெனோயிற் பயிற்சி ஓட்டமொன்றில் முழங்கால் நொந்து நின்றுவிட்டார். ஏப்பிரில் 25 இல் அறுவைச் சிகிச்சை. பதினேழு நாட்களின் பின், தம் நாட்டின் தெரிவுப் போட்டியில் வெற்றி. ஆகஸ்ட் 5 ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே 2 மணி 24 நிமிடம் 52 செக்கனில் ஒலிம்பிக் வெற்றி. அவர் வென்று பல நிமிடங்கள் சென்ற பின்னர், சுவிற்சர்லாந்தின் கபிரியேலா அண்டர்சன் அரங்கினுள் நுழைந்தார். உடம்பு ஒருபக்கம் சாய்ந்து, ஒரு கை தொங்க, தள்ளாடித் தள்ளாடி வந்தார். கடைசி நீர் நிலையத்தை அவர் தவறவிட்டிருந்தார். வைத்தியர்கள் அருகே ஓடிச்சென்றனர். தொட்டாற் போட்டியிலிருந்து நீக்கப்படுவார் என்பதால் அவர் விலகி விலகி நடந்தார். அவருடைய தோலிலே வியர்வை இருப்பதைக் கண்டு, வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றல் இன்னும் அழியவில்லை என்று தெரிந்தே வைத்தியர்கள் அவரைச் செல்லவிட்டனர். கடைசி ஒரு சுற்றுக்கு ஐந்தரை நிமிடத்துக்கு மேலாயிற்று. முப்பத்தேழாவதாக முடித்தார், பின்னர் விரைவில் நலம் பெற்றார். உலகம் அவருடைய மனவுறுதியைப் புகழ்ந்தது. நானோ அந்த வைத்தியர்களின் கண்ணைப் புகழ்வேன்.

அதே 1984 ஆகஸ்ட் மாதத்திலேதான் நம் ஆழிக்குமரன் ஆனந்தன் ஆங்கிலக் கால்வாயிலே உயிர்நீத்தார். அவர் ஓட்டவீரரல்லர், ஆயினும் நெடுநேர முயற்சி என்பதை நம் நாட்டவருக்கு அவரைப்போற் காட்டியவர் வேறெவருமிலர். வடமராட்சிக் கடலோரம் நீச்சலுக்குப் பெயர்பெற்றது. தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954 இலேயே வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு ஏறக்குறைய இருபத்தேழு மணித்தியாலத்தில் நீந்திச் சென்றார். வல்வெட்டித்துறையிற் பிறந்த ஆனந்தன் 1971 இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கிருந்து மீண்டும் தலைமன்னாருக்கு நீந்தி, ஐம்பத்தொரு மணித்தியாலத்திற் பாக்கு நீரிணையை இருவழியும் கடந்தார். கொழும்பிலே சட்டத்தரணியாக இருந்த அவர் 1979 மே மாதத்தில் விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் துவிச்சக்கர வண்டி ஓட்டினார். மறு ஆண்டு அதே பூங்கா அரங்கிலே 33 மணித்தியாலம் ஒற்றைக் காலில் நின்றார். இவை உலக சாதனைப் புத்தகத்தில் ஏறின.

இத்தனை மனத்திண்மை உடையவரைக் கால்வாய் எவ்வாறு கொண்டுபோயிற்று? அந்நாளில் நடந்தவற்றுக்குள்ளே நான் புகவில்லை. ஒன்றை மட்டும் சொல்வேன். பாக்கு நீரிணையின் நீர் இருபத்தெட்டுப் பாகையை ஒட்டியது. ஆங்கிலக் கால்வாயின் நீர் கோடையிலும் பதினேழு, பதினெட்டுப் பாகையைத் தாண்டுவது அரிது. களைப்பு என்பது நம் மனத்தோடு பேசும். அதனோடு வாதாடலாம், வெல்லவும் செய்யலாம். ஐம்பத்தொரு மணித்தியாலம் ஆனந்தன் அதனை வென்று காட்டினார். குளிரும் வெம்மையும் மனத்தோடு பேசுவதில்லை. அவை முதலிலே அறிவைத்தான் மயக்குகின்றன. மயங்கிய அறிவு, நான் நலமாக இருக்கிறேன், இன்னும் செல்வேன் என்று சொல்லும். விடாமுயற்சியைச் சிறுவயது முதற்கொண்டு நமக்குப் போதிக்கிறார்கள். விடுவதற்கும் ஒரு முயற்சி வேண்டுமென்று எந்தப் பாடப்புத்தகமும் கற்பிப்பதில்லை.

ஆகவே நெடுந்தூரம் ஓடுவோர் தனியே ஓடாதிருத்தல் நன்று. வெயிலிலே ஓடும்போது உடம்பு சிலிர்த்தாலும், குளிர்வதுபோலத் தோன்றினாலும், பேச்சுக் குழறினாலும், எங்கே நிற்கிறோம் என்பது மறந்தாலும், உடனே நின்று நிழலுக்குச் சென்று தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றவேண்டும். இதனைப் பெரும்பாலும் ஓடுபவர் தாமாக அறியார். பக்கத்திலே வருபவரே அறிவார். தசை முழுவதும் பரந்து நோகுமானால் அது பயிற்சியின் நோவு. எலும்பிலே ஒரு விரல்நுனி வைக்கும் இடத்தில் மட்டும் நோகுமானால், ஓட ஓட அது மிகுமானால், நொண்டி நடக்கச் செய்யுமானால், அன்றே நிறுத்தவேண்டும். காலையிலே படுக்கையிற் கிடந்தபடியே நாடியைப் பார்த்து, வழக்கத்தைவிட எட்டுப் பத்துத் துடிப்பு அடுத்தடுத்த நாட்களில் மிகுந்திருந்தால் அக்கிழமை ஓய்வு. காய்ச்சலோடு ஒருபோதும் ஓடலாகாது. நம் ஊரிலே டெங்குக் காய்ச்சல் எந்த மழைக்குப் பின்னும் வரலாம்.

இவ்வாறு நிறுத்தியவர் மனமுடைய வேண்டிய காரணம் இல்லை. நன்கு பயின்ற ஓட்டவீரர் முற்றாக ஓய்ந்திருந்தாலும் முதற் பத்து நாளில் இழப்பது மிகச் சிறிது. மூன்று கிழமையிலே உடம்பு ஒட்சிசனைப் பயன்படுத்தும் ஆற்றல் நூற்றுக்கு ஏழளவு குறையும். அதுவும் மீண்டும் தொடங்கினால் முன்னிலும் விரைவாகத் திரும்பிவரும். தவறிய ஓட்டங்களை அடுத்த கிழமையிற் சேர்த்து ஓடிக் கடன் தீர்க்க முயல்வதே பெரும்பிழை. வைகாசி மாதத்துத் தென்மேற்குப் பருவக்காற்று, அலுவலகத்தில் மேலதிக வேலை, பிள்ளையின் பரீட்சை, வீட்டிலே ஒருவருக்குச் சுகவீனம் ஆகியவையெல்லாம் பதினாறு கிழமைக்குள் நிச்சயம் வரும். வராது என்று எண்ணி எழுதிய அட்டவணை கடுதாசிக்கு மட்டுமே உதவும். எந்த அட்டவணையிலும் இரண்டு கிழமை இழப்பை முன்கூட்டியே எழுதி வைப்பவர் என் மதிப்பிலே சிறந்த பயிற்சியாளர். வீட்டுப் பெண்கள் நாலரை மணிக்கே எழுந்து சமையலை முடித்து, ஐந்தரைக்கு ஓடப்போகிறார்கள். அவர்களுடைய உறக்கத்தைக் கணக்கிலெடாத பயிற்சிமுறை எதுவும் பயிற்சிமுறையன்று. அந்த உறக்கத்தை மீட்டுக்கொடுப்பது கணவன்மாரின் பொறுப்பு.

கடைசி மூன்று கிழமைகளில் தூரத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கவேண்டும். அப்போது ஒரு புதுவகைத் துன்பம் தலைகாட்டும். இதுவரை நோகாத முழங்கால் நோகும், தொண்டை கரகரக்கும், இரவில் உறக்கம் வராது, பயிற்சியெல்லாம் வடிந்துபோனதுபோல ஓர் அச்சம் பிடிக்கும். அச்சத்தினால் ஓட்டத்துக்கு மூன்று நாள் முன்னே இருபது கிலோமீற்றர் ஓடித் தம்மைச் சோதிப்பவர்கள் உண்டு. விதைத்ததைத் தோண்டிப் பார்ப்பவன் செயல் அது. அந்நாட்களில் வேண்டுவது சோறும் உறக்கமும், பழகிய சப்பாத்தும். கொழும்பின் காற்று மார்கழி, தை மாதங்களின் காலையிலே சற்று இலேசாகும். வேறு மாதத்தில் ஓடுவோர் முதற் பத்துக் கிலோமீற்றரைத் தாம் விரும்புவதிலும் மெதுவாக ஓடவேண்டும்.

ஓடி முடித்த மறுநாள் மாடிவீட்டில் இருப்போருக்கு ஒரு சிறு சங்கடம் காத்திருக்கிறது. படி ஏறுவது இயலும், இறங்குவது இயலாது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலே அன்று காலை சிலர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்புறமாக இறங்குவதைக் காணலாம். வீட்டார் சிரிப்பார்கள். தொடைத் தசையின் அந்நோவு ஐந்தாறு நாளிலே தீர்ந்துவிடும். எண்ணெய் பூசி அழுத்தித் தேய்க்கவேண்டாம். மெல்ல நடந்தாற் போதும். மறுபடி ஓடுவதற்கு இரண்டு கிழமையாவது செல்லட்டும்.